தற்காலிகக் கேப்பும் ஐந்தரை டிகிரியும்

பல்லுக்குக் கேப் போட வருபவருக்கு அன்றே நிரந்தரக் கேப் கிடைப்பது அரிது. பல்லைச் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்கி, அளவு எடுத்து லேபுக்கு அனுப்பினால், அங்கே பீங்கானிலோ ஜிர்கோனியாவிலோ கேப் தயாராகி வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை தேய்த்த பல்லைத் திறந்தபடி விட முடியாது. கூச்சம் தாங்காது. பக்கத்துப் பற்கள் நகரும், எதிர்ப்பல் இறங்கும், ஈறு வளர்ந்து ஓரத்தை மூடும். அதனால்தான் அதே நாளில், அதே நாற்காலியில், பல்லின் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கேப் செய்து ஒட்டி அனுப்புகிறோம். பத்து நாளில் கழற்றி எறியப் போகும் பொருள் என்பதால், மாணவர்கள் பலர் இதை நேரம் முடிவதற்குள் முடித்தால் போதும் என்ற வேலையாக நினைக்கிறார்கள். எனக்கு இதில் ஆழ்ந்த கவலை உண்டு. அந்தப் பிளாஸ்டிக் இறுகும்போது சூடு கிளம்புகிறது. அந்தச் சூடு இறங்கக்கூடிய இடத்தில், ஒரு மெல்லிய சுவருக்கு அப்பால், உயிருள்ள பல்கூழ் இருக்கிறது.

பல் மருத்துவம் படிக்கத் தொடங்கியவர்களுக்காகவும், தனக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் நோயாளிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். ரூட் கெனால் செய்து முடித்த பல்லுக்குக் கேப் போடுவதானால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அங்கே கூழ் ஏற்கெனவே அகற்றப்பட்டுவிட்டது. இங்கே பேசுவதெல்லாம் உயிருள்ள பல்லைப் பற்றி மட்டுமே.

பல்லின் வெளிப்புறம் எனாமல். அதற்குள் டென்டின். டென்டினுக்கு நடுவே உள்ள அறையில் நரம்பும் ரத்தக்குழாயும் நிறைந்த மென்மையான திசு. அதுதான் பல்கூழ். அளவில் மிகச் சிறியது. வளர்ந்தவரின் ஒரு பல்லில் உள்ள கூழின் சராசரிக் கொள்ளளவு சுமார் 0.02 மில்லிலிட்டர் என்று பல் திசுவியல் பாடநூல்கள் சொல்கின்றன. 32 பற்களின் கூழையும் சேர்த்தால்கூட ஒரு மில்லிலிட்டர் வராது. இந்தத் துளித் திசுவுக்கு ரத்தம் வருவதும் போவதும் பெரும்பாலும் வேர் நுனியில் உள்ள நுண்ணிய துவாரங்கள் வழியாகத்தான். சுற்றிலும் கெட்டிச் சுவர். கையில் அடிபட்டால் வீங்க இடம் இருக்கிறது. கூழ் வீங்க இடமே இல்லை. அழற்சி வந்தால் உள்ளே அழுத்தம் ஏறும், ரத்த ஓட்டம் தடுமாறும், பாதிப்பு மேலும் பரவும். ஓரளவு வரை கூழ் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அந்த அளவைத் தாண்டினால் மீளாது.

டென்டின் பார்வைக்குத்தான் கெட்டிச் சுவர். அதன் ஊடே கூழிலிருந்து வெளிநோக்கி ஓடும் நுண்குழாய்கள் ஏராளம். எனாமல் பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20,000 குழாய்கள் இருக்கும். கூழை நெருங்க நெருங்க அந்த எண்ணிக்கை 45,000, அதற்கும் மேல் என்று ஏறும். ஒவ்வொன்றின் அகலமும் கூடும். உள்ளே திரவம் இருக்கிறது. பல்லைச் சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் காற்றடித்து உலர்த்தினாலும் அந்தத் திரவம் அசைகிறது. அதைத்தான் நாம் கூச்சமாக உணர்கிறோம். பல்லை எவ்வளவு ஆழமாகத் தேய்க்கிறோமோ, அவ்வளவு அதிகமான, அகலமான குழாய்களின் வாயைத் திறக்கிறோம் என்று பொருள்.

சரி, எவ்வளவு சூட்டைக் கூழ் தாங்கும்?

எல்லாப் பாடநூலிலும் நீங்கள் சந்திக்கப் போகும் எண் 5.5 டிகிரி செல்சியஸ். அது 1965இல் ஸாக், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. ரீசஸ் குரங்குகளின் பற்களில் வெளியிலிருந்து சூடு வைத்து, கூழின் வெப்பநிலையை அறிந்த அளவுக்கு உயர்த்தி, பிறகு அந்தத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கூழின் வெப்பநிலை 5.5 டிகிரி உயர்ந்தபோது 15 சதவீதப் பற்களின் கூழ் மீளவில்லை. 11 டிகிரி உயர்ந்தபோது 60 சதவீதம் மீளவில்லை. 16.6 டிகிரி உயர்ந்தபோது ஒன்றுகூட மீளவில்லை. சாதாரண உடல் வெப்பத்திலிருந்து ஐந்தரை கூட்டினால் 42.5 டிகிரி. அதனால்தான் சில நூல்கள் 42.5ஐ எல்லையாகச் சொல்கின்றன.

இந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்த ஆய்வு பாரன்ஹீட்டில் 10, 20, 30 டிகிரி என்று படிகள் வைத்துச் செய்யப்பட்டது. 5.5 என்பது அந்தப் பத்தின் செல்சியஸ் வடிவம். இயற்கை கோடு கிழித்து வைத்த எல்லை அன்று. 5.4இல் எல்லாம் நலம், 5.6இல் எல்லாம் நாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1997இல் இத்தாலியைச் சேர்ந்த பால்டிஸ்ஸாராவும் உடன் ஆய்வாளர்களும், பல் சீரமைப்புக்காக எடுக்கப்பட இருந்த மனித முன்கடைவாய்ப் பற்களில் இதே கேள்வியைச் சோதித்தார்கள். சராசரியாக 11 டிகிரி அளவுக்குச் சூடேறியும் அந்தப் பற்களில் சேதம் தென்படவில்லை. ஆகவே பழைய எல்லை தேவைக்கு மேல் கடுமையானது என்று வாதிடுவோர் உண்டு. நான் அந்த வாதத்தை மதிக்கிறேன். ஆனால் நோயாளியின் வாயில் அதை நம்பி நடப்பதில்லை. அங்கே சோதிக்கப்பட்டவை மிகச் சில பற்கள், அதுவும் ஆரோக்கியமான பற்கள். நம் நாற்காலிக்கு வரும் பல்லோ ஏற்கெனவே சொத்தை, பழைய அடைப்பு, இன்றைய தேய்ப்பு என்று பல அடிகளை வாங்கியது. அதற்கு மீளும் சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஐந்தரைக்குள் வைத்திருப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. கொஞ்சம் தண்ணீரும் கவனமும் போதும்.

இந்த இடத்தில் நோயாளிகள் கேட்கும் ஒரு கேள்வி மிக நியாயமானது. “டாக்டர், தினமும் கொதிக்கக் கொதிக்கக் காபி குடிக்கிறோமே, அப்போது பல் சாகவில்லையே?” காபி பல்லில் படுவது ஒன்றிரண்டு நொடிதான். நாக்கும் அண்ணமும் தாங்காததால் அதற்கு மேல் நாமே விடுவதில்லை. அடுத்த நொடி எச்சில் வந்து சூட்டைத் தணிக்கிறது. பல்லின் எனாமலும் டென்டினும் முழுத் தடிமனோடு இருக்கின்றன. தற்காலிகக் கேப் விஷயத்தில் இந்த நான்கு பாதுகாப்பும் ஒரே நேரத்தில் இல்லாமல் போகின்றன. எனாமல் தேய்க்கப்பட்டுவிட்டது. சூடு தரும் பொருள் பல்லின் எல்லாப் பக்கத்தையும் இறுகக் கவ்வி, நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. எச்சில் நுழைய வழி இல்லை. முக்கியமாக, மரத்துப்போகும் ஊசி போட்டிருப்பதால் நோயாளி “சுடுது” என்று சொல்லப் போவதில்லை.

ஊசியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் போடும் லிக்னோகைனில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். அது ரத்தக்குழாய்களைச் சுருக்கி, மரப்பு நீண்ட நேரம் நிற்க உதவுகிறது. அதே வேலையைக் கூழின் ரத்த ஓட்டத்திலும் செய்கிறது. ஓடும் ரத்தம்தான் கூழுக்கு உள்ளிருந்து கிடைக்கும் குளிர்விப்பு, வந்த சூட்டைச் சுமந்துகொண்டு போய்விடும். ஊசி போட்ட பல்லில் அந்த ஓட்டம் குறைந்திருக்கிறது. ஆக, வலி என்ற எச்சரிக்கையும் ரத்தம் என்ற குளிர்விப்பும் சேர்ந்து ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் நாம் சூடான பிளாஸ்டிக்கை மேலே வைக்கிறோம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

நம் கிளினிக்குகளில் இன்றும் நிறையப் புழங்குவது செல்ஃப் க்யூர் அக்ரிலிக். பவுடர் ஒரு டப்பா, லிக்விட் ஒரு பாட்டில். பவுடர் என்பது ஏற்கெனவே இறுகி முடிந்த பாலிமீத்தைல் மெத்தாக்ரிலேட்டின் சிறு மணிகள். லிக்விட் என்பது இன்னும் இறுகாத மீத்தைல் மெத்தாக்ரிலேட், அதாவது மோனோமர். இரண்டையும் கலந்ததும் பவுடரில் உள்ள பென்சாயில் பெராக்சைடும் லிக்விடில் உள்ள அமீனும் சந்தித்து வினையைத் தொடங்கி வைக்கின்றன. மோனோமர் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அது திறந்து அடுத்த மூலக்கூறோடு கைகோக்கும்போதெல்லாம் சிறிது வெப்பம் வெளியேறும். நீண்ட சங்கிலிகள் உருவாக உருவாக வெப்பம் சேர்கிறது. வெப்பம் சேரச் சேர வினை வேகமெடுக்கிறது. வேகமெடுத்த வினை இன்னும் வெப்பத்தைத் தருகிறது. அதனால்தான் முதல் சில நிமிடம் ஒன்றும் நடவாததுபோல் இருந்துவிட்டுத் திடீரென்று சூடேறுகிறது.

எவ்வளவு வெப்பம் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மீத்தைல் மெத்தாக்ரிலேட் பாலிமராகும்போது ஒரு மோலுக்குச் சுமார் 57 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு, இந்தப் பொருளில் ஒரு மோல் 100 கிராம். அப்படியானால் ஒரு கிராமுக்குச் சுமார் 570 ஜூல். ஒரு கடைவாய்ப்பல் கேப்புக்குரிய கலவையில் லிக்விட் கால் கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 140 ஜூல் வருகிறது. மறுபக்கம் கூழைப் பாருங்கள். 0.02 மில்லிலிட்டர் திசுவைத் தண்ணீர் என்றே எண்ணினால், அதன் வெப்பநிலையை ஐந்தரை டிகிரி உயர்த்த அரை ஜூல்கூடத் தேவையில்லை. வெளியாகும் வெப்பத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு கூழில் தங்கினால் போதும். உண்மையில் இடையில் உள்ள டென்டினும் சூடேற வேண்டும், பெரும்பகுதி வெப்பம் வெளிப்புறமாகப் போய்விடும், ரத்தம் கொஞ்சத்தை எடுத்துச் செல்லும். அதனால்தான் ஒவ்வொரு பல்லும் சாவதில்லை. ஆனாலும் இரு பக்கமும் எவ்வளவு ஏற்றத்தாழ்வானவை என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. கூழுக்குச் சாதகமாக இருப்பவை டென்டினின் மந்தமான வெப்பக் கடத்தலும் நேரமும்தான். அந்த இரண்டையும் நாம் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

எலும்பு மருத்துவர்கள் இடுப்பு மூட்டைப் பொருத்தப் பயன்படுத்தும் எலும்பு சிமென்ட்டும் இதே குடும்பத்துப் பொருள்தான். எலும்புத் திசு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிப்படையத் தொடங்குகிறது என்று எரிக்சனும் ஆல்ப்ரெக்சனும் 1983இல் முயல்களில் காட்டினார்கள். பல் இழந்த இடத்தில் தாடை எலும்பில் இம்ப்ளான்ட் வைக்கும்போது தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே துளையிடுவதற்கு அந்த ஆய்வு முக்கியக் காரணம். இம்ப்ளான்ட் துளையிடும்போது சூட்டைப் பற்றி இத்தனை கவனமாக இருக்கும் கைகள், அக்ரிலிக் கேப் செய்யும்போது மட்டும் அதை மறந்துவிடுவது எனக்குப் புரிவதில்லை.

எல்லாப் பிசினும் ஒரே அளவு சூடு தருவதில்லை. கார்ட்ரிட்ஜில், கலக்கும் முனையோடு வரும் பிஸ்-அக்ரில் வகைகள் இங்கே உதவியானவை. காரணத்தை மேலே போட்ட கணக்கிலிருந்தே ஊகிக்கலாம். மீத்தைல் மெத்தாக்ரிலேட்டில் 100 கிராமுக்கு ஒரு மோல் இரட்டைப் பிணைப்பு. இந்த வகைப் பிசின்களில் உள்ள பிஸ்-ஜிஎம்ஏ போன்ற பெரிய மூலக்கூறில் 512 கிராமுக்கு இரண்டு, அதாவது 256 கிராமுக்கு ஒன்று. திறக்க வேண்டிய பிணைப்பு குறைவு, ஆகவே வெளியாகும் வெப்பமும் குறைவு. போதாததற்கு அதில் வினையில் சேராத கண்ணாடித் துகள்களும் கலந்திருக்கின்றன. அவை சூட்டைத் தருவதில்லை, வாங்கிக்கொள்கின்றன. இதே காரணத்தால் அது சுருங்குவதும் குறைவு. விலைதான் தடை. அரசுக் கல்லூரி மருத்துவமனையிலோ சிறு ஊர் கிளினிக்கிலோ எல்லாருக்கும் கார்ட்ரிட்ஜ் போட முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அக்ரிலிக்கையே பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறையை ஒவ்வொருவரும் கற்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

எப்போது கழற்றுவது?

பாதுகாப்பு என்றதும் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, காற்றும் தண்ணீரும் தெளிக்கும் த்ரீ-வே சிரிஞ்சில் தண்ணீர் அடிப்பது. அது வேண்டியதுதான். ஆனால் என் வரிசையில் அது இரண்டாவது. முதலாவது, சூடு உச்சத்தைத் தொடும் நேரத்தில் கேப் பல்லின் மேல் இருக்கக் கூடாது.

அக்ரிலிக் கலவை கடந்து போகும் நிலைகளை விரலால் உணரலாம். முதலில் ஈர மணல்போல் நறநறவென்று இருக்கும். பிறகு தொட்டால் இழை இழையாக இழுபடும். அடுத்து விரலில் ஒட்டாமல் மாவுப் பதத்துக்கு வரும். இந்தக் கட்டத்தில்தான், பல்லைத் தேய்க்கும் முன் அதன் வடிவத்தில் எடுத்து வைத்த அச்சுக்குள் நிரப்பிப் பல்லின் மேல் வைக்கிறோம். அதன்பின் ரப்பர்போல் ஆகும். அழுத்தினால் அமுங்கி, விட்டால் திரும்பும். கடைசியில் கெட்டியாகிறது. வெப்பத்தின் உச்சம் ரப்பர் பதம் கடந்து கெட்டியாகும் கட்டத்தில் வருகிறது. ஆகவே ரப்பர் பதம் வந்தவுடன் கேப்பைப் பல்லிலிருந்து கழற்றிவிட வேண்டும். அப்போது அது வடிவத்தைத் தக்கவைக்கும் அளவுக்கு இறுகியிருக்கும், ஆனால் இழுத்தால் வரும் அளவுக்கு நெகிழ்வும் இருக்கும். இதற்கு மேல் விட்டால் சூடு மட்டும் பிரச்சினையில்லை. பக்கத்துப் பற்களின் வளைவுகளுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு, வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

ரப்பர் பதம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? மீந்த கலவையை விரலிடையில் உருட்டிப் பார்ப்பது நம் எல்லாருக்கும் பழக்கம். நல்ல பழக்கம்தான், ஆனால் அதை முழுக்க நம்பக் கூடாது. வாயின் வெப்பம் மேசையின் வெப்பத்தைவிட அதிகம், அதனால் உள்ளே இருப்பது முன்கூட்டியே இறுகும். ஏசி அறையில் கலந்தால் இந்த இடைவெளி இன்னும் கூடும். மின்சாரம் போன மே மாத மதியத்திலோ எல்லாமே சீக்கிரம் முடிந்துவிடும். ஈறு ஓரத்தில் பிதுங்கி நிற்கும் கலவையைப் புரோப் என்ற கூர்நுனிக் கருவியால் தொட்டுப் பார்ப்பது இன்னும் சரியான தகவல் தரும். ஆனால் மெல்லிய ஓரம் தன் சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும், ஆகவே தடித்த நடுப்பகுதிக்குப் பிந்தித்தான் இறுகும். ஓரம் இன்னும் இழுபடுகிறதே என்று காத்திருந்தால் நடுவில் நேரம் கடந்திருக்கும். ஒரு புதிய நிறுவனத்தின் பவுடரை முதன்முதலில் வாங்கும்போது, வாய்க்குக் கொண்டுபோகும் முன் மாதிரிப் பல்லில் ஒருமுறை கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள். அந்த நேரத்தை டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். வாய்க்குள் இருக்கும்போது அதைவிடக் கொஞ்சம் முந்திக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் உண்மையான சிக்கல் எழுகிறது. மோனோமர் பாலிமராகும்போது சுருங்கும். தனி மோனோமர் சுமார் 21 சதவீதம் சுருங்கும். பவுடர் கலந்திருப்பதால் நம் கலவையில் அது 7 சதவீத அளவுக்குக் குறைகிறது. பாதியில் கழற்றிய கேப், பல் என்ற தாங்கி இல்லாமல், வெளியே தன்னிஷ்டத்துக்குச் சுருங்கி உருமாறும். திரும்ப வைத்தால் சரியாக உட்காராது, ஓரம் இடைவெளி விடும். பல்லிலேயே விட்டால் பொருத்தம் நன்றாக வரும், ஆனால் கூழ் சுடுபடும். பல ஆசிரியர்கள் பொருத்தத்தைக் காரணம் காட்டித்தான் “இன்னும் கொஞ்சம் விடு” என்கிறார்கள். அவர்கள் சொல்லும் சுருக்கம் உண்மை. ஆனால் அதற்குக் கூழைப் பணயம் வைக்காமலேயே தீர்வு இருக்கிறது.

ஒன்று, கழற்றி மாட்டும் முறை. ரப்பர் பதத்தில் கழற்றுவது, குளிர்ந்த தண்ணீரில் நனைப்பது, பல்லின் மேல் தண்ணீர் தெளிப்பது, திரும்ப வைப்பது, சில நொடியில் மீண்டும் கழற்றுவது. இப்படிச் சில முறை செய்தால் கேப் பல்லின் வடிவத்தை மறக்காமல் இருக்கும், ஒவ்வொரு முறையும் சேர்ந்த சூடு வெளியில் கொட்டப்படும். உச்ச நேரம் நெருங்கியதும் வெளியே எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு முழுதாக இறுக விடலாம்.

இரண்டு, உட்பூச்சு முறை. முழுதாக இறுகிய கேப்பின் உட்புறத்தைப் பர் என்ற சுழலும் தேய்ப்பு முனையால் சிறிது தேய்த்து இடம் உண்டாக்கி, புதிய கலவையை மெல்லிய படலமாக உள்ளே வைத்துப் பல்லின் மேல் மீண்டும் பொருத்துவது. ஓரப் பொருத்தம் அழகாக வரும். படலம் மெல்லியது என்பதால் பொருளும் குறைவு, சூடும் குறைவு. இதிலும் ரப்பர் பதத்தில் கழற்றும் விதி மாறாது.

இந்த இரண்டாவது வழியை இன்னும் முன்னே கொண்டுபோனால் எனக்கு மிகப் பிடித்த முறை வருகிறது. நோயாளியின் பல்லைத் தேய்ப்பதற்கு முன்பே, அளவெடுத்துச் செய்த பிளாஸ்டர் மாதிரியில் கேப்பின் மெல்லிய வெளி ஓடு ஒன்றைச் செய்து வைத்துவிடுவது. தேய்க்கும் நாளில் அந்த ஓட்டுக்குள் கொஞ்சம் கலவை வைத்துப் பொருத்தினால் போதும். நாற்காலி நேரமும் மிச்சம், கூழும் பத்திரம். முழுக்க முழுக்க மாதிரியின் மேலேயே செய்து முடிப்பதும் உண்டு. அப்போது வாயில் சூடே இல்லை, ஆனால் பிளாஸ்டர் இறுகக் காத்திருக்க வேண்டும். இப்போது கணினியில் வடிவமைத்து, தொழிற்சாலையில் ஏற்கெனவே இறுகிய அக்ரிலிக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கும் கேப்புகளும் கிடைக்கின்றன. வசதி உள்ள இடத்தில் பல பற்களுக்கு ஒரே நாளில் தற்காலிகக் கேப் போட வேண்டியிருந்தால் அதுவே நல்லது.

இணைப்புப் பற்கள் சேர்ந்த பிரிட்ஜ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பல் இல்லாத இடத்தை நிரப்பும் நடுப்பகுதி கனமான அக்ரிலிக் கட்டி. அதன் நடுச்சூடு வெளியேற வழியில்லாமல் ஏறும், இரு பக்கமும் உள்ள தாங்குபற்களின் சுவரில் இறங்கும். அதைப் பல்லின் மேலேயே இறுக விடவே கூடாது.

அச்சும் தண்ணீரும்

கலவையை ஏந்தும் அச்சு எதனால் ஆனது என்பதற்கும் பங்கு உண்டு. ஆல்ஜினேட் என்ற, பவுடரைத் தண்ணீரில் குழைத்துச் செய்யும் அச்சில் பெரும்பகுதி தண்ணீர், சூட்டை நன்றாக உறிஞ்சும். சிலிகான் புட்டி கனமாக இருப்பதால் அதுவும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். சூடாக்கி உறிஞ்சி இழுத்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் அச்சுதான் மோசம். அதற்கு வெளியே வெறும் காற்று, சூடு போக இடமில்லை, பல்லை நோக்கியே திரும்பும். ஒப்பிட்டு அளந்த ஆய்வுகளில் இந்தத் தாள் அச்சில்தான் கூழ் அறையின் வெப்பம் அதிகமாக ஏறியிருக்கிறது. வெளிப்படையாகத் தெரிகிறது, ஓரம் பார்த்து வேலை செய்யலாம் என்பதற்காக அதை விரும்புபவர்கள் உண்டு. அப்படியானால் வெளிப்புறத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், கழற்றும் நேரத்தை இன்னும் முந்துங்கள். ஆல்ஜினேட் அச்சைக் குளிர்ச்சியாக வைத்துப் பயன்படுத்துவதும் உதவும். இறுகச் சற்று நேரம் கூடும், அவ்வளவே.

தெளிப்பது காற்றும் தண்ணீரும் கலந்ததாக இருக்கட்டும். வெறும் காற்றை நீண்ட நேரம் அடித்தால் டென்டின் உலர்ந்து, நுண்குழாய்த் திரவம் வெளியே இழுபட்டு, கூழின் ஓரத்தில் உள்ள செல்கள்கூட அந்தக் குழாய்களுக்குள் உறிஞ்சப்படும். சூட்டைத் தணிக்கப் போய் வேறொரு காயம் உண்டாகும். தேய்த்த பல்லில் வைக்கும் முன் மெல்லிதாக வாஸ்லின் தடவுவது கேப் எளிதாகக் கழலவும் மோனோமர் டென்டினில் ஊறாமல் தடுக்கவும் உதவும். சூட்டை அது தடுக்கும் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

கேப் செய்வதற்கு முன்னாலேயே கணக்குத் தொடங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஏர்ரோட்டர் கருவியில் பல்லைத் தேய்க்கும்போது தண்ணீர் சரியாக பர்ரின் முனையில் விழ வேண்டும், மழுங்கிய பர்ரை வீச வேண்டும், அழுத்தாமல் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு துளியும் தேய்க்கக் கூடாது. எஞ்சும் டென்டின் 2 மில்லிமீட்டர் இருந்தால் கூழுக்குப் பெரிய காவல். கீழ் முன்பற்களிலும் பல்லின் கழுத்துப் பகுதியிலும் அந்தத் தடிமன் கிடைப்பதே கடினம். இளவயதினருக்குக் கூழறை பெரியது, அதன் கொம்பு போன்ற முனைகள் மேலே ஏறி நிற்கும். 18 வயதுப் பெண்ணின் முன்பல்லும் 60 வயதுக்காரரின் கடைவாய்ப்பல்லும் ஒரே சூட்டை ஒரே மாதிரி தாங்காது. எக்ஸ்ரேயில் கூழறையின் அளவைப் பார்த்துவிட்டு எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்.

நோயாளிகளுக்கு ஒரு விஷயம். தற்காலிகக் கேப் போட்ட பிறகு சில நாள் குளிர்ச்சிக்குக் கூசினால், அந்தக் கூச்சம் உடனே அடங்கினால், பெரும்பாலும் கூழ் தேறி வருகிறது. குளிரோ சூடோ பட்டுப் போன பின்னும் வலி நிமிடக்கணக்கில் நின்றாலோ, ஒன்றும் செய்யாமலே வலித்தாலோ, இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ, நிரந்தரக் கேப் வரும் நாள்வரை பொறுத்திருக்க வேண்டாம். உடனே போய்ச் சொல்லுங்கள். வலியே இல்லாமல் கூழ் மெல்ல மடிவதும் உண்டு. ஆகவே மருத்துவர்கள், லேபிலிருந்து கேப் வந்துவிட்டது என்பதற்காக அப்படியே ஒட்டிவிடாமல், ஊசி போடும் முன்பே தற்காலிகக் கேப்பைக் கழற்றி, பல் குளிர்ச்சியை உணர்கிறதா என்று குளிர்ச் சோதனை செய்து பாருங்கள். சந்தேகமாக இருந்தால் நிரந்தரக் கேப்பைத் தற்காலிக சிமென்ட்டில் வைத்துச் சில வாரம் கவனியுங்கள். கூழ் போய்விட்டது என்று உறுதியானால் ரூட் கெனாலை அப்போதே முடித்துவிடலாம், புதுக் கேப்பில் ஓட்டை போட வேண்டிவராது.